போனுக்கு முகத்தைக் காட்டுமுன்



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது புதுப் போன் ஒன்று வாங்கக் கடைக்குப் போனால், பெட்டியை உடைத்ததும் கடைத்தம்பி செய்கின்ற முதல் வேலைகளில் ஒன்று போனை நமது முகத்துக்கு நேரே பிடிப்பதுதான். "கொஞ்சம் இடப்பக்கம் பாருங்க சேர்... ஆ, இப்ப வலப்பக்கம்... சரி, முடிஞ்சு." அரை நிமிட வேலை. அதன்பிறகு போனைக் கையில் தூக்கினால் தானாகத் திறக்கிறது. இலக்கம் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை, விரலைத் துடைத்து வைக்கத் தேவையில்லை. நாமும் சந்தோசமாக வீடு வந்து சேர்கிறோம்.

இதைப் பற்றி ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு விதமான பேச்சுகள் அடிபடுகின்றன. ஒரு தரப்பு, "முகத்தைக் காட்டாதீங்க, வெளிநாட்டுக் கம்பனிக்காரன் உங்கட முகத்தக் களவெடுக்கிறான்" என்கிறது. மற்றத் தரப்பு, "எடுத்தா எடுக்கட்டும், நம்மளிட்ட மறைக்க என்ன கிடக்கு?" என்கிறது. பெற்றோர் கூட்டங்களுக்கு வருகின்ற பெற்றோர், "டீச்சர், இது நல்லதா கூடாதா?" என்று எங்களிடமும் கேட்கிறார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் இருந்து வந்த கருத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு தரப்பும் ஆபத்தைத் தூரத்தில் தேடுகின்றன. நமது போனை நமது முகத்தை வைத்துத் திறக்கக்கூடிய ஆள் பெரும்பாலும் அமெரிக்காவில் இல்லை. நமது வீட்டுக்குள், நமது கடைக்குள், நமது பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். அப்படித் திறக்கப்படும் போனுக்குள் இருப்பதும் நமது இரகசியங்கள் மட்டுமல்ல. எத்தனையோ பேர் நம்மை நம்பித் தந்தவை அதற்குள் இருக்கின்றன.

முதலில் இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். "முகத்தால் திறப்பது" என்று ஒரே பெயரில் நாம் சொன்னாலும், சந்தையில் இருப்பது இரண்டு வகையான பூட்டு.

முதலாவது வகை, ஆழத்தை அளப்பது. ஐபோனில் 2017ஆம் ஆண்டு வந்த முறை இது. போனின் மேற்பகுதியில் இருக்கின்ற கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் விழச் செய்து, மூக்கு எவ்வளவு முன்னால், கண் எவ்வளவு உள்ளே என்று அளந்துகொள்கிறது. ஒரு கடதாசிப் படத்துக்கு ஆழம் இல்லை. ஆகவே படத்தைக் காட்டினால் திறக்காது. இருட்டிலும் வேலை செய்யும். அளந்த கணக்கு போனுக்குள்ளேயே தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு சில்லில் வைக்கப்படுகிறது, அது கம்பனிக்குப் போவதில்லை என்று அப்பிள் நிறுவனம் சொல்கிறது.

இரண்டாவது வகை, முன்பக்கக் கெமராவை மட்டும் நம்புவது. நம்மில் அதிகமானோர் கையில் இருக்கின்ற விலை குறைந்த, நடுத்தர விலை அண்ட்ரொய்ட் போன்களில் பெரும்பாலும் இதுதான். செல்பி எடுக்கின்ற அதே கெமரா நமது முகத்தைப் படமாகப் பிடித்து, முன்பு பதிந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆழம் அளப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் திணறும். இந்த வகையில்தான் பிரச்சினை.

நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு ஒன்று 2019இல் 110 போன்களை எடுத்து, உரிமையாளரின் போட்டோவைக் காட்டிப் பார்த்தது. 42 போன்கள் திறந்துகொண்டன. பிரித்தானியாவின் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு 2023இல் 48 போன்களைச் சோதித்தது. 19 போன்கள் போட்டோவுக்கு ஏமாந்தன. பெயர் தெரியாத கம்பனிகளின் போன்கள் மட்டுமல்ல அவை. நமது கடைகளில் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கின்ற பிரபலமான பெயர்களும் அந்தப் பட்டியல்களில் இருந்தன.

அண்ட்ரொய்டை உருவாக்கும் கூகுள் நிறுவனத்துக்கும் இது தெரியாத விடயமல்ல. முகம், விரல் போன்ற பூட்டுகளை அது மூன்று தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏமாற்றிப் பார்க்கின்ற நூறு முயற்சிகளில் ஏழுக்கு மேல் ஏமாறாதது முதல்தரம். இருபதுக்கு மேல் ஏமாறக்கூடியது கடைசித்தரம். அந்தக் கடைசித்தரத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'வசதி' என்பதுதான். பாதுகாப்பு என்று அவர்களே சொல்லவில்லை! திரையைத் திறக்க மட்டும் அதற்கு அனுமதி உண்டு. வங்கிச் செயலி போன்றவற்றுக்குள் நுழைய அனுமதி இல்லை.

உங்கள் போனில் வங்கிச் செயலி விரலடையாளத்தை ஏற்று, முகத்தை மட்டும் ஏற்காமல் விடுகிறதா? அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வங்கி நம்பாத பூட்டை நாம் நமது குடும்பப் படங்களுக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது அந்தப் போட்டோ விடயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு போட்டோ போதும் என்றால், நமது போட்டோ எங்கே கிடைக்கும்? வட்ஸ்அப் முகப்புப் படத்தில் கிடைக்கும். பேஸ்புக்கில் கிடைக்கும். கலியாண வீட்டில் சகனைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த படத்தில், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில், பெருநாள் அன்று உடுத்தி நின்று எடுத்த படத்தில் கிடைக்கும். வீட்டுத் திறப்பை வாசற்படியில் வைத்துவிட்டு, "வீட்டைப் பூட்டித்தான் போட்டிருக்கிறோம்" என்று சொல்வது போன்றதுதான் இது.

"கம்பனிக்காரன் முகத்தை எடுக்கிறான்" என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும். இரண்டு வேறு விடயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். போனைத் திறக்கும்போது போன் கேட்கின்ற கேள்வி ஒன்றே ஒன்று: "இது என்னுடைய உரிமையாளரா, இல்லையா?" அதற்கான விடை போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இன்னொரு தொழில்நுட்பம் இருக்கிறது. அது கேட்கின்ற கேள்வி, "இந்தக் கூட்டத்தில் நிற்கின்ற இந்த முகம், உலகத்தில் உள்ள எல்லா முகங்களிலும் யாருடையது?" இதற்குக் கோடிக்கணக்கான முகங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வேலையை பேஸ்புக் பல வருடங்களாகச் செய்துவந்தது. நாம் ஒரு கூட்டப்படம் போட்டால், "இது இன்னார்தானே?" என்று அதுவே கேட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எதிர்ப்பும் வழக்குகளும் வலுத்த பிறகு, 2021 நவம்பரில் அதை நிறுத்துவதாகவும், 100 கோடிக்கும் அதிகமானோரின் முக அளவுகளை அழிப்பதாகவும் அறிவித்தது. கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம், மனிதர்கள் இணையத்தில் பகிரங்கமாகப் போட்ட படங்களைக் கேட்காமலே அள்ளியெடுத்து, பொலிஸாருக்கு விற்கின்ற தேடுபொறியாக மாற்றியது 2020இல் வெளிச்சத்துக்கு வந்தது.

அதாவது, நமது முகம் கம்பனிகளின் கைக்குப் போன வழி போனின் பூட்டு அல்ல. நாமே பகிரங்கமாகப் போட்ட படங்கள். முகப்பூட்டுக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் பெயர், வகுப்பு, பாடசாலை எல்லாம் எழுதி, புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றோடு முகத்தையும் சேர்த்து உலகத்துக்குப் போடுகின்ற பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் அது போய் நிற்க வேண்டிய இடம் வேறு.

அப்படியானால் நல்ல, ஆழம் அளக்கின்ற விலை கூடிய போன் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லையா? இருக்கிறது. முகத்துக்கும் இரகசிய இலக்கத்துக்கும் நடுவே, எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்காத இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன.

ஒன்று, முகத்தை மாற்ற முடியாது. பின் நம்பர் யாருக்காவது தெரிந்துவிட்டால் அடுத்த நிமிடமே மாற்றிவிடலாம். வங்கி அட்டை தொலைந்தால் புது அட்டை தருவார்கள். 2015இல் அமெரிக்க அரசின் ஊழியர் அலுவலகம் ஒன்றில் இருந்து 56 இலட்சம் பேரின் விரலடையாளங்கள் திருடப்பட்டன. அந்த 56 இலட்சம் பேருக்கும் புது விரல் கொடுக்க யாராலும் முடியவில்லை. உடம்பைத் திறப்பாக்கினால் அதற்கு மாற்றுத் திறப்புக் கிடையாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். பின் நம்பரை நாம் விரும்பினால்தான் சொல்வோம். அது நமது தலைக்குள் இருக்கிறது. முகம் வெளியே இருக்கிறது. யாரும் போனை அதற்கு நேரே பிடிக்கலாம். "திற" என்று நாம் சொல்லாமலேயே முகம் திறந்துவிடும். கூகுளின் பிக்சல் 4 போன் 2019இல் வந்தபோது, உரிமையாளர் கண்ணை மூடியிருந்தாலும் அது திறந்தது. நித்திரையில் கிடப்பவரின் முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். கடும் விமர்சனத்துக்குப் பிறகு, அடுத்த வருடம் ஏப்ரலில்தான் கண் திறந்திருக்க வேண்டும் என்ற தெரிவைக் கொடுத்தார்கள். ஐபோனில் கண் திரையைப் பார்க்கிறதா என்று பார்க்கின்ற ஏற்பாடு ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை நிறுத்தி வைக்கவும் முடியும். விலை குறைந்த பல போன்களில் அது நிறுத்தப்பட்டிருக்கிறதா, இருக்கிறதா என்று நாம் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

ஆகவேதான் முகம் என்பது ஒரு பெயரைப் போன்றது என்று நாங்கள் சொல்கிறோம். "இது இன்னார்" என்று அது சொல்லும். "இன்னார் சம்மதிக்கிறார்" என்று அது சொல்லாது. பூட்டைத் திறக்க வேண்டியது சம்மதம்.

இனி வீட்டுக்குள் வருவோம்.

கொரோனா காலத்தில், 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, நாங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் படிப்பித்தோம். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். வாப்பாவின் போன், உம்மாவின் போன் என்ற வித்தியாசம் அன்றோடு நமது பல வீடுகளில் இல்லாமல் போனது. இன்று வகுப்பில், "உங்கட வீட்டுல யாருட போன் உங்களுக்குத் திறக்கும்?" என்று கேட்டால், கைகள் தயக்கமில்லாமல் உயர்கின்றன. "உம்மாட போன் எனக்குத் திறக்கும் சேர், என்ட முகம் உம்மாட முகம் மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொல்கின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அது சிரிப்புக்கு மட்டும் உரிய விடயமல்ல. ஐபோனின் பூட்டைத் தற்செயலாக ஓர் அந்நியரின் முகம் திறப்பதற்கான வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று அப்பிள் சொல்கிறது. ஆறு இலக்கப் பின் நம்பரை ஒரே தடவையில் குருட்டுப்போக்கில் ஊகிப்பதற்கும் வாய்ப்பு அவ்வளவுதான். நல்ல பூட்டுத்தான். ஆனால் அதே நிறுவனம் கூடவே இன்னொன்றும் சொல்கிறது: இரட்டையர்கள், முகச்சாடை ஒத்த உடன்பிறப்புகள், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விடயத்தில் இந்தக் கணக்குப் பொருந்தாது, வாய்ப்புக் கூடும். விலை கூடிய போனின் நிலையே இது. சாதாரணக் கெமராவை மட்டும் நம்புகின்ற போனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மச்சியைத் தற்செயலாக நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் கட்டாரில். மாதம் ஒருமுறை காசு வருகிறது. போனில் வங்கிச் செயலி இருக்கிறது. பெரிய மகனுக்கு வயது பதினாறு, உம்மாவை உரித்து வைத்த முகம். இல்லாவிட்டாலும் உம்மா நோன்பு திறந்த களைப்பில் கதிரையில் கண்ணயர்கின்ற நேரம் போதும். அவன் கெட்ட பிள்ளை அல்ல. ஒரு விளையாட்டுக்குக் காசு கட்டுவான், அல்லது உம்மாவின் வட்ஸ்அப்பில் ராத்தா அழுது அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுவிடுவான். இரண்டுமே அந்த வீட்டில் ஆறாத வடுவாக மாறலாம்.

அல்லது ஓர் உம்மும்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைதான் போனைப் பதிந்து கொடுத்தான். "உம்மும்மா, இஞ்ச பாருங்க" என்று அவன் நீட்டுகிறான். அவ பார்க்கிறா. எதற்குப் பார்த்தோம் என்று அவவுக்குத் தெரியாது. கையெழுத்துக் கேட்டால் "என்னத்துக்கு மனே?" என்று கேட்டிருப்பா. கைநாட்டு என்றால்கூட மை தடவும்போது ஒரு தரம் யோசித்திருப்பா. முகத்துக்கு அந்த யோசனைக்கே நேரமில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அனுமதியில்லாமல் பிறருடைய கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முகம், விரல் போன்ற உடல் அடையாளத் தரவுகளை விசேட வகைக்குள் சேர்த்திருக்கிறது. அலுவலகத்தில் முகத்தைக் காட்டி வரவு பதிகின்ற இயந்திரம் வைத்தால் அதைப் பற்றிக் கேள்வி கேட்க அது உதவும். ஆனால் வீட்டுக்குள் சொந்தத் தேவைக்காக நடக்கின்ற விடயங்களுக்கு அந்தத் தரவுச் சட்டம் பொருந்தாது. கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது என்றாலும், எந்த உம்மா மகனுக்கு எதிராகப் பொலிஸுக்குப் போவா? வீட்டுக்குள் நம்மைக் காக்க வேண்டியது நாம் போட்டுக்கொள்கின்ற ஒழுங்குதான்.

கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். ஒரே போனில் இரண்டு முகங்களைப் பதிகின்ற வசதி பல போன்களில் இருக்கிறது. "மறைக்க ஒன்றுமில்லாவிட்டால் என்ட முகத்தையும் பதியுங்க" என்று கேட்பதும், மறுத்தால் சந்தேகப்படுவதும் புதிய குடும்பங்களில் பழக்கமாகி வருகிறது. இருவரும் மனம் ஒத்துச் செய்தால் அது அவர்கள் விருப்பம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு முகம் பதிந்தால் போனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆள்தான். திரை மட்டும் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. முகத்தை ஏற்கின்ற செயலிகளும் இரண்டு பேருக்கும் திறக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் "நம்மளிட்ட மறைக்க என்ன கிடக்கு?" என்ற கேள்விக்கு வருகிறோம்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தங்கச்சி தலை திறந்து வீட்டுக்குள் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பிய படம் யாருடையது? கூட்டாளி கடன் கேட்டு, வெட்கத்தை விட்டு அனுப்பிய செய்தி யாருடையது? பக்கத்து வீட்டுக்காரி டொக்டரிடம் காட்டச் சொல்லித் தந்த இரத்தப் பரிசோதனை அறிக்கை? பெண் பார்க்க வந்த இடத்தில் இருந்து அனுப்பிய பிள்ளையின் விபரம், அந்தப் பேச்சுச் சரிவராமல் போன பிறகும் போனிலேயே கிடக்கிறதே, அது? எங்கள் போன்களில் மாணவர்களின் புள்ளிகள் இருக்கின்றன. "சேர், வீட்டுல பிரச்சினை, பிள்ளைக்குச் சொல்லிராதீங்க" என்று ஓர் உம்மா அனுப்பிய குரல் பதிவு இருக்கிறது. இவை எதுவும் எங்களுடையவை அல்ல. அமானிதம்.

ஊரில் யாராவது நகையை வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தால், அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்கின்ற மனிதர்கள் நாம். அந்த நகைக்கு அணாக் குறையாமல் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். நகை தொலைந்தால் விலை கொடுத்து ஈடு செய்யலாம். ஒரு குமர்ப்பிள்ளையின் படம் கைமாறி ஊர் சுற்றினால் என்ன விலை கொடுத்து மீட்பது? அப்படி மிரட்டப்பட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளின் கதைகள் ஆசிரியர்களாகிய எங்கள் காதுகளுக்கு வரத்தான் செய்கின்றன. அந்தப் படங்கள் வெளியேறியது பெரும்பாலும் பெரிய கணினிக் கொள்ளையால் அல்ல. திறந்து கிடந்த, அல்லது இலேசாகத் திறக்கக்கூடிய ஒரு போனால்.

இவ்வளவும் சொன்னதால் முகப்பூட்டை ஹராமாக்குகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது சிலருக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

சம்மாந்துறை வயலில் வேலை செய்கின்ற, சாய்ந்தமருதுக் கடலில் வலை இழுக்கின்ற, மருதமுனையில் தறியில் இருக்கின்ற மனிதர்களின் விரல்களைப் பாருங்கள். ரேகை தேய்ந்து போயிருக்கும். விரலடையாளப் பூட்டு அவர்களுக்கு ஒரு தரம் திறந்தால் மூன்று தரம் திறக்காது. கை நடுங்குகின்ற வயதானவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை இயங்காதவர்கள், இலக்கத்தை மறந்துவிடுகின்றவர்கள் எல்லோருக்கும் முகம் இலேசு. மீன் வெட்டிய ஈரக்கையோடு மகனின் அழைப்பை எடுக்க நினைக்கின்ற உம்மாவுக்கும் இலேசு. இவர்களிடம் போய் "அதை நிறுத்துங்க" என்று சொல்வது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வது போன்றது. வேறொரு பக்கம், முகப்பூட்டு இல்லையென்றால் அலுப்பில் பூட்டே போடாமல் விடுகின்றவர்களும் இருக்கிறார்கள். பூட்டே இல்லாததை விட வசதிப்பூட்டு மேல்.

நிகாப் அணிகின்ற சகோதரிகளுக்கோ கதை மாறுகிறது. வைத்தியசாலை வரிசையிலும் பஸ்ஸிலும் போன் முழு முகத்தைக் கேட்கும். முகக்கவசத்தோடு திறக்கின்ற வசதியை அப்பிள் 2022இல் கொண்டுவந்தது. அது கண்ணைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் பார்க்கும், ஐபோன் 12உம் அதற்குப் பிந்திய போன்களும் என்றால்தான் கிடைக்கும். மற்றவர்களுக்குப் பின் நம்பரும் விரலும்தான் வழி. தெருவில் நின்று ஒரு போனுக்காகத் துணியை விலக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. வீட்டில் போனைப் பதியும்போதே அதைக் கணக்கில் எடுங்கள்.

ஆகவே நாங்கள் சொல்வது, விட்டுவிடுங்கள் என்றல்ல, தெரிந்து பாவியுங்கள் என்றுதான். இன்றிரவே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சில வேலைகள்:

1. உங்கள் போனைச் சோதியுங்கள். வீட்டில் உள்ள இன்னொரு போனில் உங்கள் முகப்படத்தைப் பெரிதாக எடுத்து, உங்கள் போனுக்கு நேரே பிடியுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு உங்களைப் போன்ற சாடையுள்ள தம்பி, தங்கச்சி, பிள்ளைகளைக் காட்டுங்கள். ஒன்றுக்காவது திறந்தால், அந்த முகப்பூட்டை நிறுத்திவிடுங்கள். திறக்காவிட்டாலும் அதுவே பூரண உத்தரவாதமல்ல.

2. அமைப்புகளுக்குள் போய் முகப்பூட்டு இருக்கின்ற பக்கத்தை வாசியுங்கள். "உங்களைப் போன்ற தோற்றமுள்ள ஒருவரால் திறக்கப்படலாம்" என்று சிறிய எழுத்தில் கம்பனியே எழுதியிருக்கும். கண் திறந்திருக்க வேண்டும் என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள்.

3. பின் நம்பரைக் கவனியுங்கள். முகம் எவ்வளவு நல்லதென்றாலும் அடியில் கிடக்கின்ற உண்மையான பூட்டு அதுதான். ஐபோனைப் பாருங்கள்: அணைத்துப் போட்டாலும், ஐந்து தரம் முகம் தவறினாலும், 48 மணித்தியாலம் திறக்காமல் விட்டாலும் அது இலக்கத்தைத்தான் கேட்கும். இலக்கம் தெரிந்தவர் பெரும்பாலும் தன் முகத்தையே புதிதாகப் பதிந்துகொள்ளவும் முடியும். நாலு இலக்கத்துக்கு 10,000 சேர்க்கைகள்தான். ஆறு இலக்கத்துக்குப் பத்து இலட்சம். ஆறு போடுங்கள். பிறந்த வருடத்தைப் போடாதீர்கள். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நாலும் உங்கள் பிறந்த வருடம்தான். அதை நாம் எத்தனை கந்தோர்களில் போட்டோப்பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறோம்!

4. வங்கிச் செயலிக்கும் படங்களுக்கும் தனிப் பூட்டுப் போடுங்கள். திரையின் இலக்கமும் வங்கியின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

5. முகப்பூட்டைச் சட்டென்று நிறுத்தப் பழகிக்கொள்ளுங்கள். ஐபோனில் பக்கப் பொத்தானையும் சத்தப் பொத்தான் ஒன்றையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், அடுத்த முறை இலக்கம் போடும்வரை முகம் வேலை செய்யாது. அண்ட்ரொய்டில் பல போன்களில் இதற்கென்று ஒரு பூட்டுத் தெரிவு உண்டு. அமைப்புகளில் அதை முதலில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும். பயணத்தில், கூட்டத்தில், தூங்கப் போகுமுன் உதவும்.

6. திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் பின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கூட நின்று திறந்து காட்டுங்கள். முடியாவிட்டால் முக்கியமானவற்றை வேறிடத்தில் சேமித்து, போனில் அழித்துவிட்டுக் கொடுங்கள். சில புதிய போன்களில், நமது தரவுகளை மறைத்து வைத்துத் திருத்தக் கொடுக்கின்ற வசதியும் வந்திருக்கிறது.

7. வயதானவர்களின் போனை அமைத்துக் கொடுக்கின்ற பிள்ளைகள், "இது திறந்தா என்னவெல்லாம் திறக்கும்" என்பதை அவர்களுக்கு விளங்கச் சொல்லுங்கள். முகம் அவர்களுடையது. கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

கடை வைத்திருக்கின்ற தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். போன் விற்கும்போது, கேட்காமலே முகத்தைப் பதிந்து கொடுக்காதீர்கள். "இந்தப் போனுல முகப்பூட்டு வசதிக்கு மட்டும்தான், பாதுகாப்புக்கு விரல வைங்க" என்று ஒரு வசனம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வசனம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம். உங்கள் கடையின் மீதான நம்பிக்கையையும் கூட்டும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளையின் போனை மேற்பார்வை செய்ய வேண்டியது நமது கடமை. அதைப் பிள்ளைக்குத் தெரியும்படி, பக்கத்தில் இருத்தி வைத்துச் செய்யுங்கள். பிள்ளை தூங்கும்போது முகத்துக்கு நேரே போனைப் பிடித்துத் திறக்காதீர்கள். நாம் அப்படிச் செய்தால், அடுத்த வாரம் அவன் நமது முகத்துக்கு நேரே பிடிப்பதைத் தவறென்று சொல்ல நமக்கு வாயிருக்காது. பூட்டிய ஒன்றைத் திறக்குமுன் கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. நம்மிடம் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

உங்கள் போனில் அந்த முதலாவது சோதனையைச் செய்து, என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். போனின் வகையையும் குறிப்பிடுங்கள். நமது ஊரில் அதிகம் விற்கின்ற போன்களில் எவை ஏமாறுகின்றன, எவை ஏமாறுவதில்லை என்று நாமே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், அடுத்ததாகப் போன் வாங்கப் போகின்றவருக்கு அது உதவும். உங்கள் முகப்படத்தை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்.